சாலைக்கடையில் ஒரு ஜோடி பனிமுள்

காலில் கட்டுகிற சாமான் எதுவானாலும் என்னிடம் கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்று சாலைத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று என் மனைவி சொல்வாள். கிளப்பினால் என்ன, பொய்யா? வயலில் இறங்குகிறவனுக்கு முழங்கால் பூட்ஸ், தார் போடுகிறவனுக்குத் தடித்த பூட்ஸ், தென்னை ஏறுகிறவனுக்கு மிதி வைத்த இரும்புக் கருவி, எல்லாம் என் கடை வழியாகப் போனவைதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி இந்த மலையாளத்து ஊருக்கு வந்து இதே சாலைக் கடைத்தெருவில் ஆணிச் சாக்கு சுமந்தேன். இன்றைக்கு அந்த வரிசையில் மூன்று கடை என்னுடையது. ஒரு கொண்டியைக் கையில் எடுத்தால் அது எத்தனை மழை தாங்கும் என்று சொல்லிவிடுவேன்.

அதனால் ஒரு நாள் சாயங்காலம் என் மகள் கடைக்கு வந்து, "அப்பா, ஐஸ் மேல நடக்கதுக்கு பூட்ஸுக்கு அடியில கெட்டுக முள்ளு வேணும். எது நல்லதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றபோது எனக்கு நெஞ்சு விரிந்தது. அடுத்த கணமே சுருங்கியும் போயிற்று. அந்த முள் சரியாக அமைந்துவிட்டால் அவள் போய்விடுவாள். அமையாவிட்டால் போகமாட்டாள்.

அவளுக்கு வயது நாற்பது. ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் வெளிநாட்டில், "உனக்கு இஷ்டம்னா போ" என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டார். காலையில் மியூசியம் வளாகத்தைச் சுற்றி நடக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியவள்தான். அந்த நடை பொன்முடி வரை போயிற்று, பிறகு அகத்தியர்கூடம் வரை போயிற்று. இப்போது இமாசலத்தில் ஏதோ ஒரு பனிமலை என்றார்கள். கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பட்டாளக்காரர், மலையாளி. பனியில் வருஷக்கணக்காகக் காவல் நின்றவர். நானோ பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான்.

அவளுடைய காலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மாவுக்கட்டு மேல் மாவுக்கட்டாகப் போட்டு, அப்புறம் ஆபரேஷனும் செய்து நேராக்கினார்கள். நடையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பாதம் மற்றதைவிட இரண்டு அளவு சிறியது, ஆடுசதையும் மெலிவு. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வேண்டுமென்றால் நான் இரண்டு ஜோடி வாங்குவேன். பனிக்கு வாங்கிய பூட்ஸும் அப்படித்தான், பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று.

பட்டாளக்காரர் அவளிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன். இடது காலில் முள் நின்றால், எல்லாரும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிற எங்கள் கயிற்றில் நீயும் ஒருத்தி. நிற்காவிட்டால் அடிவாரம் வரை வா, நாங்கள் மேலே போய் வரும்வரை கூடாரத்தில் இரு. கூடாரத்தில் இருப்பதற்கு நான் வரவில்லை, அப்படியானால் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று இவளும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிடிவாதம். யாருடைய ரத்தம் என்று கேட்க வேண்டாம்.

இதைக் கேட்ட என் மனைவி அன்று இரவு சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க ஒரு குத்தம் சொன்னா போதும். அவ கேப்பா. இரும்பு விசயத்துல அவளுக்கு நீங்க சொன்னதுதான் வேதம்."

"குத்தம் இருந்தாச் சொல்லுவேன்."

"இல்லாட்டி உண்டாக்கத் தெரியாதா? எத்தன கம்பெனிக்காரனத் திருப்பி அனுப்பியிருக்கிய!"

மறுநாள் அவள் பழவங்காடிக்குப் போய், மகள் போகக்கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வங்கிக்குப் போகிற வழியில் அதே பிள்ளையாருக்கு மகளும் ஒரு தேங்காய் உடைத்தாள், போக வேண்டும் என்று. பிள்ளையாரின் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றாக ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் மூன்று வகை முள்ளைக் கடைக்குக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு வகை, பட்டாளக்காரர் இரவல் கொடுத்தவை. ஒன்று அவள் வடக்கேயிருந்து வரவழைத்தது, சரிப்படாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற பேச்சில். கிராம்பான் என்று அதற்குப் பெயராம். எனக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை, முள் என்றே சொன்னேன். தராசுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து வரிசையாக வைத்தேன். பூட்ஸின் அடியில் மாட்டுகிற இரும்புச் சட்டம். கீழ்நோக்கிப் புலி நகம் போலப் பற்கள், முன்னால் கொம்பு மாதிரி இரண்டு. நேர்குத்தான ஐஸில் அந்தக் கொம்பைக் குத்தித்தான் ஏறவேண்டும் என்று மகள் சொன்னாள்.

முதல் வகைக்கு எல்லாமே வார்தான். முன்னும் பின்னும் பிளாஸ்டிக் கிண்ணம் போல ஒன்று, அதில் வாரைக் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். எந்தப் பூட்ஸுக்கும் ஆகும். எடுத்தேன், கை மேலே போயிற்று, அவ்வளவு லேசு. அலுமினியம். ஒரு பல்லின் ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், மாவு போலக் கொட்டியது.

"இது ஆகாது மக்களே. கல்லுல ஒரு தடவ முட்டினா வாய் மழுங்கிரும்."

"சாரும் அதான் சொன்னாரு. வெறும் பனியில நடக்கதுக்கு மதி, ஐஸுக்கு வேண்டாம்னு. அதுக்கு நீங்க அவரு சாமான அரத்தப் போட்டு ராவணுமா?"

"ராவாம எப்படித் தெரியும்?"

மற்ற இரண்டும் நல்ல உருக்கு. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. முன்னால் பூட்ஸின் மூக்கைக் கவ்வுகிற தடித்த கம்பி, பின்னால் குதிகாலில் ஏறி உட்காருகிற கொண்டி. படக்கென்று ஒரு தட்டு, பூட்டிவிட்டது. லாரிக் கதவுக் கொண்டி போல அழகான வேலை. இன்னொன்றிலும் பின்னால் அதே கொண்டிதான், ஆனால் முன்னால் கம்பிக்குப் பதில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணமும் வாரும்.

"கம்பி வச்சத எடு. பிளாஸ்டிக்க நம்பாத" என்றேன்.

"அப்பா, அந்தக் கம்பி உக்காரணும்னா பூட்ஸுக்கு முன்னால ஒரு விளிம்பு வேணும். எனக்குப் பின்னால மட்டுந்தான் இருக்கு."

"உக்கார வச்சா உக்காரும்."

அவள் கொண்டுவந்திருந்த வலது பூட்ஸில் வைத்து அழுத்தினேன். கம்பி வழுக்கிக் கீழே இறங்கியது. திருப்பி வைத்தேன், இறங்கியது. கொறடு எடுத்துக் கம்பியைக் கொஞ்சம் வளைத்தால் என்ன என்று நினைத்தேன். மகள் கொறடை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் ஒருவர் பெயிண்ட் பிரஷ் வாங்க வந்து நின்று, "அண்ணாச்சி, இது எந்து, எலிப்பெட்டியா?" என்று கேட்டார். அவருக்கு பதில் சொல்லி அனுப்பிவிட்டு, கிண்ணமும் கொண்டியும் உள்ளதையே எடுத்துக்கொள் என்று சொன்னேன். வடக்கேயிருந்து வரவழைத்தது அதுதான், அவள் ஏற்கனவே தீர்மானித்தது. இருந்தாலும் என் வாயால் வரவேண்டும் என்று காத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் ஒன்று காட்டினாள். முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் நடுவில் ஒரு தகடு சேர்க்கிறது. அந்தத் தகட்டில் வரிசையாக ஓட்டைகள். ஸ்பிரிங் வைத்த சின்ன ஆணி ஒன்றைத் தூக்கிவிட்டுத் தகட்டைத் தள்ளினால் நீளம் கூடும், குறையும். வேண்டிய ஓட்டை வந்ததும் ஆணி அதற்குள் விழுந்து நின்றுகொள்ளும்.

"வலதுக்கு இந்த ஓட்ட. இடதுக்கு அதோ அது. பாத்தியளா?" என்று சிரித்தாள். "வாழ்க்கையில மொத தடவ எனக்கு ஒரே ஜோடி போதும்பா."

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வலது காலுக்குரிய அளவை அங்கேயே வைத்தாள். இடது பூட்ஸ் கையில் இல்லை. உள்ளே தடித்த அட்டை வைத்துத் தைக்கக் கிழக்கேகோட்டையில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்திருந்தாள். இடது முள்ளின் அளவை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று, எல்லாவற்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் காற்றும் ஓயாத மழையும் சேர்ந்து இந்த ஊரில் இரும்பைத் தின்றுவிடும். அதனால் எந்த இரும்பு உள்ளே வந்தாலும் முதல் ராத்திரியே அதற்கு எண்ணெய்க் காப்பு. மற்றவர்கள் கிரீஸ் தடவுவார்கள், கையெல்லாம் கறுப்பாகும், வாங்குகிறவன் முகம் சுளிப்பான். நான் தேங்காய் எண்ணெய்தான். நாற்பது வருஷமாக என் கீலும் கொண்டியும் துரு ஏறி யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. மகளின் காலில் ஏறப்போகிற இரும்புக்குக் குறை வைப்பேனா? பற்களுக்கெல்லாம் தடவினேன். கொண்டிக்கு விட்டேன். அந்த ஸ்பிரிங் ஆணி இருக்கிற இடத்தில் குளிரக் குளிர ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாலைத் தெருக் கடைகள் அடைத்திருக்கும். கோடவுனுக்குப் பின்னால், எங்கள் வீட்டு அடுக்களையை ஒட்டி இருக்கிற முற்றத்தில்தான் சோதனை என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் முள்ளை எப்படிப் பார்ப்பது என்று பட்டாளக்காரரே யோசித்துக்கொண்டிருந்தபோது, வழி கண்டுபிடித்தவன் நான். மீனுக்கு ஐஸ் அடிக்கிற கம்பெனியில் முழுக்கட்டிகளாகச் சொல்லிவைத்தேன். காலையில் ஆட்டோ டெம்போவில் மரத்தூளும் சாக்கும் மூடிக் கொண்டுவந்து இறக்கிய ஆள் கேட்டான்:

"அண்ணாச்சி, எந்தா, இரும்புக் கச்சவடம் விட்டு மீன் கச்சவடமோ?"

"என் மக இது மேல ஏறப்போறா."

"ஏறட்டே. உருகுந்நதுக்கு முன்னே ஏறச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மணல் மூட்டைகளைச் சரிவாக அடுக்கி, அதன்மேல் கட்டிகளைச் சாய்த்துப் போட்டு, ஒரு சின்ன ஐஸ் மேடு கட்டினேன். என் மனைவி அடுக்களை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்து ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். யாருக்கும் காப்பி கொடுக்கவில்லை.

பட்டாளக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். பட்டாளத்தில் தமிழ்ப் பையன்களோடு இருந்து கற்ற தமிழ். முள்ளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த ரப்பர் தகட்டைத் தட்டி, "இது உண்டல்லோ, நல்லது. இல்லெங்கில் பனி உருண்டையா அடியில ஒட்டும். பல்லு ஐஸைத் தொடாது" என்றார். சேற்று வயலில் செருப்பு கனத்துக் கட்டையாகிற மாதிரி என்று நான் சொன்னேன். "அதே" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"சூட்டில பூட்டிப் பாத்து எந்து காரியம்? ரெண்டும் கொறச்சு நேரம் ஐஸ்ல கிடக்கட்டும்" என்று இரண்டு முள்ளையும் அவரே கட்டிகளின் இடுக்கில் மரத்தூளோடு செருகி வைத்தார்.

அப்புறம் எடுத்தோம். வலது ஏற்கனவே அளவு வைத்தது; மாட்டி, வாரை இழுத்து, கொண்டியைத் தட்டினாள். நின்றது. இடது முள்ளின் ஆணியைத் தூக்கித் தகட்டைத் தள்ளி, தனக்கு வேண்டிய ஓட்டையில் விட்டாள். மாட்டினாள். கொண்டி ஏறியது. அவர் வலது காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "உதை" என்றார். வலது காலால் உதைத்தாள், கொம்பு இரண்டும் ஐஸில் இறங்கின, முள் அசையவில்லை. இடது காலால் உதைத்தாள். நின்றது. இன்னொரு உதை. தகடு சறுக்கென்று நீண்டது, குதிகால் கொண்டி விட்டது, முள் கழன்று வாரில் தொங்கியது.

அவள் திரும்ப மாட்டினாள். திரும்ப உதைத்தாள். திரும்பக் கழன்றது.

"சின்ன பூட்ஸ். முள்ளு பிடிச்சு நிக்கல்ல" என்றார் அவர், மெதுவாக. "மோளே, அங்கே ஒருத்தர் வழுதினா கயித்தில உள்ள எல்லாரும் போவும். எனக்கு வேறெ வழி இல்ல."

"இன்னொரு தடவ, சார்."

"மதி மோளே, போதும்."

அவள் ஐஸ் மேட்டில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகிற பெண் இல்லை. இடது பூட்ஸின் மூக்கைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் மாவுக்கட்டைத் தடவுவது போல. என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து, "வா மக்களே, காப்பி குடிப்பம்" என்றாள். குரலில் அவ்வளவு பாசம், அவ்வளவு நிம்மதி.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளையார் ஒருவழியாக ஒரு தேங்காயை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டே, கழன்று கிடந்த முள்ளைக் குனிந்து எடுத்தேன். கை சும்மா இருக்காது. ஆணியைப் பார்த்தேன். அது பாதிதான் ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகு போல வந்தது. மூக்கில் வைத்தேன். என் எண்ணெய்.

ஐஸில் கிடந்து உறைந்து, மரத்தூளையும் சேர்த்துப் பிசைந்து, ஓட்டையை அடைத்திருந்தது. வலதுக்கு நாங்கள் சூட்டிலேயே அளவு வைத்துவிட்டோம், ஆணி முழுதாக விழுந்துவிட்டது. இடதுக்கு உறைந்த பிறகு வைத்தோம், பாதியில் நின்றுவிட்டது. பூட்ஸிலும் குற்றமில்லை, முள்ளிலும் குற்றமில்லை, அவள் காலிலும் குற்றமில்லை.

இதை அந்த முற்றத்தில் என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. பட்டாளக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் வெள்ளை போய்விடும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் வீட்டில் இருப்பாள், திங்கட்கிழமை வங்கிக்குப் போவாள், தன் இடது கால்தான் தன்னைத் தடுத்தது என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி எண்ணம்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"சாரே, நில்லுங்க" என்றேன். "கழண்டது கால் இல்ல. எண்ணெய்."

அவர் வந்து பார்த்தார், சுரண்டினார், மோந்தார். "வெளிச்செண்ணெய்யா! யாரு இட்டது?"

"நான்தான். எங் கடையில எல்லா இரும்புக்கும் போடுவேன்."

"அண்ணாச்சி, மார்கழியில உங்க வீட்டுக் குப்பியிலயே அது உறஞ்சு போவுமல்லோ!"

"குப்பியில உறஞ்சா வெயில்ல வச்சா மதி. உங்க மலையில வெயிலுக்கு நான் எங்க போக?"

அன்றைக்கு முதல்தடவையாக அந்த மனிதர் சிரித்தார். மகள் எழுந்து என் கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள், பூட்ஸோடு, ஒரு காலில் முள்ளோடு, தரையெல்லாம் கீறிக்கொண்டு. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் போட்டுத் தேய்த்தோம். ஸ்பிரிங்கின் சுருளுக்குள் ஊசி விட்டு நானே எடுத்தேன். அந்த வேலைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை. துடைத்து, திரும்ப ஐஸில் வைத்து, குளிரவிட்டு, மாட்டினாள். ஆணி விழுகிற சத்தம் டிக்கென்று கேட்டது.

உதைத்தாள். நின்றது. பட்டாளக்காரர் போதும் என்று சொல்லும்வரை உதைத்தாள், சொன்ன பிறகும் உதைத்தாள். அவர் குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி, இழுத்து, குதிகாலில் தன் பூட்ஸால் ஒரு இடி இடித்தார். அசையவில்லை. "சரி. கயித்தில நீ எனக்குப் பின்னே" என்றார். என்னைப் பார்த்து, "இனி இதைத் தொடாண்டாம் அண்ணாச்சி, கேட்டோ" என்றார்.

அவர்கள் போன பிறகு என் மனைவி மரத்தூளைப் பெருக்கினாள். துடைப்பத்தின் சத்தமே சண்டை போட்டது.

"எண்ணெ யாரோடதுன்னு இங்க யாராச்சும் கேட்டாளா?"

"கேக்கல்ல."

"பொறவு?"

"அவ காலக் கொற சொல்லிட்டுப் போறாரு. எப்படிப் பாத்துட்டு நிக்க?"

மகள் வண்டி ஏறுகிறவரை என் மனைவி என்னோடு பேசவில்லை.

உச்சியைத் தொட்டாளா என்று இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு. தொடவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே காற்று பிடித்துக்கொண்டது, பட்டாளக்காரர் எல்லாரையும் திருப்பிவிட்டார். சாலைத் தெருவில் நான் சொல்வது வேறு, அது என் இஷ்டம். ஆனால் இரண்டு நாள் அவள் பனி ஆற்றின் மேல் நடந்திருக்கிறாள், ஐஸ் சுவரில் ஏறி இறங்கியிருக்கிறாள், முழுக்காலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

மேலே ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், போன் கிடைக்கிற கடைசி கிராமத்திலிருந்து கூப்பிட்டாள். நான் எடுப்பதற்குள் என் மனைவி எடுத்துவிட்டாள். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது:

"மக்களே, அந்த ஆணி ஓட்டையில முழுசும் எறங்கிச்சான்னு வெரல வச்சுப் பாரு. சத்தம் கேட்டா மட்டும் போராது. ஒவ்வொரு தடவ மாட்டும்போதும் பாக்கணும், கேட்டியா? மொத இடது. பொறவு வலது."

அங்கிருந்து மகள் ஏதோ சொன்னாள். இவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினேன்.

"இரியுங்கோ, அவ இப்பப் பாத்துச் சொல்லுகேன்னு போயிருக்கா" என்றாள் என் மனைவி, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.